கைலாயம் தெரியாத விமானத்தைக் கைலாயம் என்று விற்காதீர்கள்: நேபாள யாத்திரை ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து நேபாளத்துக்கு யாத்திரைக் குழுக்களை அழைத்துச்செல்லும் ஏற்பாட்டாளர்களுக்கு,

இந்த ஆடி, ஆவணிப் பயணங்களுக்காகக் கோயில் வாசல்களில் ஒட்டியும் வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வரும் உங்கள் நோட்டீசுகளில் உள்ள இரண்டு வரிகள்தான் எங்களை எழுத வைத்தன. மேலே கொட்டை எழுத்தில் "விமானத்திலிருந்து கைலாய தரிசனம்". அடியில், கண்ணாடி போட்டும் வாசிக்க முடியாத பொடி எழுத்தில் "காலநிலை காரணமாக மலைக்காட்சி விமானம் ரத்தானால் பணம் மீளளிக்கப்படமாட்டாது". முதல் வரி உண்மைக்குப் புறம்பானது. இரண்டாவது வரி இந்த வருடம் புதிதாக முளைத்தது. ஒருவர் போட, அதைப் பார்த்து மற்றவர்களும் போட்டிருக்கிறீர்கள்.

எவருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை. ஒருவர் இருவர் செய்கிற காரியமாக இருந்தால் வீட்டுக்கே வந்து பேசியிருப்போம். தொழில் வழக்கமாகவே ஆகிவிட்டபடியால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறோம். குழுக்களோடு வழித்துணையாகப் போய்வருகிற எங்களுக்கு அந்த விமானத்தில் என்ன நடக்கிறது என்பது கையளவு தூரத்தில் தெரியும்.

கைலாயத்திலிருந்தே தொடங்குவோம். காத்மண்டுவில் காலையில் கிளம்பும் மலைக்காட்சி விமானம் கிழக்கு நோக்கிப் போகிறது. எவரெஸ்ட் அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 160 கிலோமீற்றரில் இருக்கிறது. கைலாயம் இருப்பது திபெத்தில், காத்மண்டுவுக்கு வடமேற்கே 500 கிலோமீற்றருக்கும் அப்பால். கைலாயம் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இந்த விமானம் பறக்கிறது. திரும்பி வரும்போதும் காத்மண்டுவைத் தாண்டி மேற்கே ஓரடி போவதில்லை. வானம் எவ்வளவு தெளிந்திருந்தாலும் 6,638 மீற்றர் உயரமான கைலாயம் அந்த யன்னலில் தெரியாது. அதைவிட உயரமான மலைகள் நடுவில் நிரை நிரையாக நிற்கின்றன. கைலாயத்தைத் தூரத்திலிருந்து காட்டும் விமானம் ஒன்று 2024 ஜனவரியில் நேபாளத்தின் மேற்கிலுள்ள நேபாள்கஞ்சிலிருந்து பறந்தது. அது வேறு ஊர், வேறு பாதை, வேறு கட்டணம். உங்கள் நிகழ்ச்சி நிரலில் நேபாள்கஞ்ச் என்ற பெயரே இல்லை.

கொக்கட்டிச்சோலையிலிருந்தோ தம்பிலுவிலிலிருந்தோ வந்த ஓர் அம்மா யன்னலோரம் இருக்கிறார். விமானம் மேலெழும்பிப் பத்து நிமிடத்துக்குள் இடப்பக்கம் பெரிய வெள்ளைச் சிகரம் ஒன்று தெரிகிறது. மடியில் முடிந்து வைத்திருந்த திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசிக் கைகூப்புகிறார். "இதானா மனே கயிலாயம்?" என்று குழுத் தலைவரைக் கேட்கிறார். தலைவர் தலையாட்டிவிடுகிறார். அது லாங்டாங் லிருங், 7,227 மீற்றர். அந்த அம்மா ஊருக்கு வந்து, கைலாயத்தைக் கண்டுவிட்டேன் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லப்போகிறார். சொந்தக் காசைக் கொடுத்து, வாழ்நாளில் ஒரு தடவை கிடைத்த தரிசனம் என்று நம்பி வந்தவருக்கு இதைச் செய்யலாமா?

வேதனை என்னவென்றால், பொய் சொல்லவேண்டிய தேவையே அங்கு இல்லை. அதே யன்னலில் இன்னும் சில நிமிடங்களில் கௌரிசங்கர் வருகிறது. 7,134 மீற்றர், இரட்டைச் சிகரம். உயர்ந்து நிற்பது சங்கரன், பக்கத்தில் சற்றுத் தாழ்ந்து நிற்பது கௌரி. அம்மையப்பன் பெயரிலேயே நிற்கும் மலை. நேபாளத்து இந்துக்களுக்கு அது புனிதமானது. அந்த அம்மாவுக்கு விரலை நீட்டி அதைக் காட்டுவதற்குக் குழுவில் ஒருவருக்காவது தெரிந்திருக்கவேண்டும். பெரும்பாலான பயணங்களில் தெரிந்தவர் எவரும் இருப்பதில்லை. சிகர வரிசை அச்சிட்ட தாள் ஒன்றை விமானத்திலேயே கொடுப்பது வழக்கம், ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கும். லாங்டாங் லிருங், சிஷபங்மா, தோர்ஜே லக்பா, கௌரிசங்கர், மெலுங்சே, சோ ஓயு, நுப்சே, எவரெஸ்ட், லோட்சே என்று அதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அடிக்க எவ்வளவு செலவாகும்?

எவரெஸ்டைக்கூடப் பலர் பார்க்காமலே பார்த்ததாக வருகிறார்கள். தெற்கிலிருந்து பார்க்கும்போது நுப்சேயும் லோட்சேயும் ஒரு மதிலைப்போல முன்னால் நிற்கும். அந்த மதிலுக்குப் பின்னால் கறுத்த முக்கோணமாகத் தலையை மட்டும் காட்டுவதுதான் எவரெஸ்ட். மேலே அடிக்கிற காற்று பனியைத் தங்கவிடாமல் சீவிக்கொண்டு போவதால் பாறை கறுப்பாகத் தெரிகிறது. பல நாட்களில் உச்சியிலிருந்து கிழக்குப் பக்கமாக வெள்ளைப் புகைபோலப் பனித்தூள் நீளும். அதுதான் அடையாளம். சொல்லிக்கொடுக்காவிட்டால் எல்லோரும் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று வடிவாக நிற்கும் வேறு மலையைப் படம் பிடிப்பார்கள்.

"எவரெஸ்டுக்கு மேலால் பறப்போம்" என்றும் சில நோட்டீசுகள் சொல்கின்றன. இந்தச் சேவையில் பெரும்பாலும் ஓடும் ஏ.டி.ஆர். வகை விமானத்தின் உச்ச எல்லை 25,000 அடி, அதாவது 7,620 மீற்றர். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த அளவுப்படி எவரெஸ்ட் 8,848.86 மீற்றர். விமானம் ஏறக்கூடிய உயரத்துக்கும் மேலே இன்னும் 1,200 மீற்றர் மலை நிற்கிறது. பக்கத்தால் போய்ப் பக்கத்தால் திரும்புகிறார்கள். அதுவே கண்கொள்ளாக் காட்சிதான். அதை உள்ளபடி எழுதுங்கள்.

இனிக் காலம். இந்த விடயத்தில்தான் அதிகம் பேரின் காசு போகிறது.

ஆடி, ஆவணியில் எங்கள் பக்கம் கச்சான் காற்று அடிக்கும், வானம் வெளித்துக் கிடக்கும், பள்ளிக்கூட விடுமுறையும் கூடிவரும். யாத்திரைக்கு வசதியான மாதம் என்று உங்களுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் எங்கள் மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு எங்களிடம் வறண்டு வந்து சேரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான், வங்காள விரிகுடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டுபோய் இமயத்தின் தெற்கு முகத்தில் மோதுகிறது. ஜூன் தொடக்கம் செப்ரெம்பர் வரை நேபாளத்தில் மழைக்காலம். அந்த மாதங்களில் காத்மண்டுவிலிருந்து மலைகள் நாட்கணக்கில் முகம் காட்டாது. விமானம் முகிலுக்கு மேலே ஏறினால் சில காலைகளில் உச்சிகள் மட்டும் தலை நீட்டும். பல காலைகளில் அதுவும் இல்லை.

ஒக்டோபர், நவம்பர்தான் நல்ல காலம். மழை கழுவிவிட்ட காற்றில் தூசியே இருக்காது. டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை மலை தெளிவாக இருக்கும், ஆனால் காத்மண்டு சட்டிபோல் குழிந்த பள்ளத்தாக்கு. இரவுக் குளிரில் கனத்த காற்று அடியில் தங்கி விடியலில் மூடுபனியாகிவிடும். ஆறரை மணி விமானம் ஒன்பது, பத்து மணிவரை ஓடுபாதையைக் காணாமல் நிற்கும். பங்குனி, சித்திரையில் தூசியும் காட்டுத்தீப் புகையும் சேர்ந்து மலைகளை மங்கலாக்கும். எந்த மாதமானாலும் காலை முதல் விமானமே சிறந்தது. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழும்பி, ஒன்பது பத்து மணிக்கெல்லாம் சிகரங்களின் இடுப்பில் முகில் கட்டத் தொடங்கிவிடும்.

ஆடி, ஆவணியில் பசுபதிநாதரைத் தரிசிக்கப் போவதில் ஒரு பிழையும் இல்லை. அங்கு அது சிவனுக்கு உகந்த மாதம், சனம் அலைமோதும். அந்த மாதத்தில் மலைக்காட்சியைக் கட்டாயமாகச் சேர்த்து, காசையும் முன்கூட்டி வாங்கி, காணாவிட்டால் திருப்பித் தரமாட்டோம் என்று சொல்வதுதான் பிழை.

அந்தக் காசு சின்னக் காசு இல்லை. வெளிநாட்டவருக்கு ஒரு யன்னல் இருக்கை 200 டொலர் அளவில் வருகிறது. இந்தியர்களுக்குத் தனிக் கட்டணம் இருக்கிறது. எங்கள் கடவுச்சீட்டுக்கு டொலர் கட்டணம்தான். 60,000 ரூபாய்க்குக் கிட்ட. அது ஒருவரின் நெல்லு வித்த காசு, இன்னொருவரின் ஓய்வூதியம், இன்னொருவருக்குக் கட்டாரிலிருந்து மகன் அனுப்பியது.

காலநிலையால் பறக்காவிட்டால் விமான சேவைகள் வழமையாக மறுநாள் காலை இடம் தரும், அல்லது காசைத் திருப்பும். பாதி வழியில் திரும்பி வந்தாலும் பெரும்பாலும் மறுநாள் வரச் சொல்வார்கள். ஆனால் உங்கள் நிரலில் மலைக்காட்சி எந்த நாளில் இருக்கிறது? கடைசி நாள் காலையில். அன்று பின்னேரமே கொழும்புக்கு விமானம். மறுநாள் என்று ஒன்றே இல்லை. ஆகவே மிஞ்சுவது காசைத் திருப்பும் வழிதான். அந்தக் காசு விமான சேவையிடமிருந்து காத்மண்டு முகவருக்கு வருகிறது, முகவரிடமிருந்து உங்களுக்கு வருகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. "ரத்தாகிவிட்டது அம்மா, நம்ம கையில ஒண்டுமில்லை" என்ற பதிலோடு பஸ் ஏறியவர்கள் களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் காரைதீவிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடமாவது முகவரின் பற்றுச்சீட்டைக் காட்டினீர்களா? முகவர் திருப்பித் தரவில்லை என்றால் அதை எழுத்தில் வாங்கிக் காட்டுங்கள். திருப்பித் தந்திருந்தால் அது பயணியின் காசு.

பாரம்பரியமாகக் கடைசி நாளில் போடுவதற்கு ஒரு காரணம் சொல்கிறீர்கள்: முதலில் கோயில்கள், பிறகுதான் உல்லாசம். மனதார ஏற்கலாம். ஆனால் மலைக்காட்சி ஆறரைக்குப் போய் ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வருகிற காரியம். எட்டரைக்குப் பசுபதிநாத் வாசலில் நிற்கலாம். காத்மண்டுவில் கிடைக்கும் முதல் காலையை விட்டுவிட்டு இரண்டாம் காலையில் வையுங்கள். ஏனென்று பின்னால் சொல்கிறோம். அது தவறினால் மூன்றாம் காலை, நாலாம் காலை கையிருப்பில் இருக்கும்.

இருக்கை விடயம். ஏ.டி.ஆர். 72 இல் நடுவே நடைபாதை, இரு பக்கமும் இரண்டிரண்டு இருக்கை. மலைக்காட்சிக்கு யன்னல் இருக்கைகளை மட்டும் விற்பதுதான் ஒழுங்கான சேவைகளின் வழக்கம். அப்படியென்றால் ஒரு விமானத்தில் 36 பேருக்கு மேல் போகமுடியாது. சிறிய ஏ.டி.ஆர். 42 என்றால் 24 பேர். 45 பேர் கொண்ட குழுவை ஒரே விமானத்தில் ஏற்றுவதாக நீங்கள் சொன்னால், சிலருக்கு நடைபாதை இருக்கை என்றுதான் அர்த்தம். யன்னல் என்ற சொல் ரிக்கெற்றில் இருக்கிறதா என்று முன்பதிவின்போதே பாருங்கள்.

போகும்போது மலை இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். எல்லோருக்கும் முறை வரும். இதைச் சொல்லாததால் வலப்பக்கம் இருக்கிறவர்கள் ஏமாந்துவிட்டோம் என்று எழும்பி இடப்பக்கத்தார் தலைக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார்கள், பணிப்பெண் வந்து இருத்துகிறார், மனக்கசப்பு. ஏ.டி.ஆரின் சிறகு உடலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்கத் தடையில்லை. ஆனால் இந்த மலைகள் கீழே இல்லை, கண் மட்டத்தில் இருக்கின்றன. நடு வரிசையில் இருப்பவருக்கு இயந்திரம் மறைக்கும். பின்வரிசைகள் நல்லவை. அந்த விமானத்தில் பயணிகள் ஏறும் கதவும் பின்பக்கம்தான். முழங்கால் வருத்தக்காரரைப் பின்னால் இருத்தினால் இரண்டு நன்மை. படம் எடுப்பவர்களுக்கு இரண்டு சொல் போதும்: பிளாஷை அணைக்கவும், கைபேசியைக் கண்ணாடியில் ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளியில் பிடிக்கவும். ஒட்டினால் விமானத்தின் அதிர்வு படத்தில் வந்துவிடும்.

இப்போது உடம்பு. நாங்கள் கடல் மட்டத்து மனிதர். உகந்தை, குமண வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்தே போய்ப் பழகிய கால்களுக்கும் உயரம் புதிது. விமானத்துக்குள் காற்றழுத்தம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும், என்றாலும் உச்ச உயரத்தில் உள்ளே இருக்கும் காற்று 8,000 அடி உயரத்துக் காற்றின் அளவு வரை மெலிந்திருக்கலாம். ஏறத்தாழ எங்கள் பீதுருதாலகால உச்சியில், 2,524 மீற்றரில், நின்று மூச்சு விடுவதைப்போல. சுகதேகிகளுக்கு இது ஒன்றும் செய்யாது. அண்மையில் மாரடைப்பு வந்தவர், இருந்த இடத்திலேயே மூச்சு வாங்குகிறவர் கிளினிக் வைத்தியரைக் கேட்காமல் ஏறக்கூடாது. விழித்திரைச் சத்திரசிகிச்சையில் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால், அது கரைந்துவிட்டதென்று கண் வைத்தியர் சொல்லும்வரை எந்த விமானத்திலும் ஏறவே கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணின் அழுத்தத்தைக் கூட்டும், பார்வையே போகலாம். தடிமன் பிடித்தவர்களுக்கு இறங்கும்போது காது அடைத்துக் கொதிக்கும். ஒரு டொபியைச் சூப்பி அடிக்கடி விழுங்கினால் பெரும்பாலும் திறந்துவிடும். இறங்கும் நேரம் நித்திரை கொள்ளவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட அடிக்கடி நடப்பது இது: மட்டக்களப்பில் பின்னேரம் பஸ் ஏறி, இரவு முழுதும் கட்டுநாயக்காவுக்கு ஓடி, விமானம் மாறி, காத்மண்டு ஹோட்டலில் நள்ளிரவுக்குக் கிட்டப் படுக்கிற 65 வயதுக்காரரை, நாலரைக்கு எழுப்பி மலைக்காட்சிக்கு ஏற்றுகிறீர்கள். முதல் காலை வேண்டாம் என்றது இதற்காகத்தான். விரதம் என்று வெறும் வயிறு. ஆனால் நீரிழிவுக்காரர் வழக்கப்படி இன்சுலினைப் போட்டுவிட்டார் அல்லது மாத்திரையை விழுங்கிவிட்டார். விமானம் மூடுபனியால் ஒன்பதுக்குத் தள்ளிப்போகிறது. விமான நிலைய வாங்கில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறுகிறது. அது உயரத்தால் வந்த வருத்தம் இல்லை, சீனி இறங்கிவிட்டது. விமானம் ஏறும்முன் சாப்பிடக் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரியும்வரை மருந்தைப் போடவேண்டாம் என்று முதல்நாள் இரவே சொல்லவேண்டும், எத்தனை மணிக்கு எவ்வளவு என்பதை ஊரிலேயே கிளினிக்கில் கேட்டு எழுதி வரச் சொல்லவேண்டும். இரண்டு வாழைப்பழம், ஒரு பைக்கற் பிஸ்கற், கொஞ்சம் சீனி குழுத் தலைவரின் பையில் இருக்கவேண்டும். சொல்லப்போனால் இந்த மடலிலேயே செலவு குறைந்த வேண்டுகோள் இதுதான்.

கற்பூரமும் தீப்பெட்டியும். கோயிலுக்கென்று எல்லோர் கைப்பையிலும் இருக்கும். கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள், விமானத்தில் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. சோதனை மேசையில் பூசைப் பையைக் கொட்டிக் கிளறும்போது பயணிகள் கண் கலங்குகிறார்கள். ஹோட்டலிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று ஒரு வார்த்தை போதும். அசல் கடவுச்சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நேபாள நேரம் எங்கள் நேரத்துக்கு 15 நிமிடம் முந்தியது, கைபேசி தானாக மாறிவிடும், கையில் கட்டிய மணிக்கூடு மாறாது என்பதையும் சொல்லுங்கள்.

ஹெலிகொப்ரருக்கு வருகிறோம். இந்த வருடம் சிலர் புதிதாகச் சேர்த்திருக்கும் "எவரெஸ்ட் அடிவாரத்தில் இறங்கும் தரிசனம்" எங்களை உண்மையாகவே பயப்படுத்துகிறது.

விமானத்துக்குள் காற்றழுத்தம் உண்டு. இந்தப் பயணத்தில் ஓடும் சிறிய ஹெலிகொப்ரரில் அது கிடையாது. காத்மண்டு விமான நிலையம் 1,338 மீற்றரில் இருக்கிறது. அங்கிருந்து 2,800 மீற்றருக்கு மேலுள்ள லுக்லாவில் எரிபொருள் நிரப்பி, 4,300 மீற்றர் அளவிலுள்ள பெரிச்சேயில் ஆட்களைப் பிரித்து, காலா பத்தர் மேட்டில் 5,500 மீற்றர் உயரத்தில் இறக்குகிறார்கள். காலைச் சாப்பாட்டுக்கு நேரம் வருமுன் இவ்வளவும் நடந்துவிடும். 5,500 மீற்றரில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஒக்சிசன் கடற்கரையில் கிடைப்பதில் பாதி. நடந்து ஏறுகிறவர்கள் அந்த உயரத்துக்கு ஒரு கிழமைக்கு மேல் எடுத்து, இடையிடையே தங்கி, உடம்பைப் பழக்கித்தான் போகிறார்கள். "பத்து நிமிடம்தானே நிற்கிறோம், மலை வருத்தம் வர நேரம் இல்லை" என்று நீங்கள் சொல்லும் சமாதானத்தில் பாதி உண்மை இருக்கிறது. தலையிடி, ஓங்காளம் என்று தொடங்கும் மலை வருத்தத்துக்குச் சில மணித்தியாலம் வேண்டும்தான். ஆனால் ஒக்சிசன் குறைவு மணித்தியாலத்துக்குக் காத்திருப்பதில்லை. இரத்தக்குழாய் அடைப்புள்ள இதயத்துக்கும் இரத்தம் குறைந்த உடம்புக்கும் அந்தப் பத்து நிமிடமே கூட. படம் எடுக்க நாலடி வேகமாக நடந்தவர் தலைசுற்றி விழ அது போதும்.

பெரிச்சேயில் ஏன் ஆட்களைப் பிரிக்கிறார்கள் என்பதையும் ஒருவரும் விளக்குவதில்லை. மெலிந்த காற்றில், மேலே சுற்றும் இறக்கையான சுழலிக்கும் இயந்திரத்துக்கும் தூக்கும் வலு குறையும். ஐந்து பேரை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு அங்கே இறங்கி ஏற முடியாது. இரண்டு, மூன்று தடவையாகக் கொண்டுபோவார்கள். மற்றவர்கள் 4,300 மீற்றரில் குளிரில் காத்திருக்கவேண்டும். வயதானவர் ஒருவரை அங்கே மொழி தெரியாமல் தனியே நிற்கவைக்கிறோம் என்பதை அவருடைய பிள்ளைகளுக்குச் சொன்னீர்களா? பெயர் எழுதும்போது நிறையைக் குறைத்துச் சொல்லச் சொல்வதையும் நிறுத்துங்கள். விமானி அந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்.

காலா பத்தரில் இயந்திரத்தை நிறுத்தமாட்டார்கள். சுழலி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்கும். சேலை முந்தானை, சால்வை, தளர்ந்த தொப்பி எதுவும் பறக்கக்கூடாது. விமானியின் கண்ணில் படும்படி முன்பக்கத்தால் குனிந்து போகவேண்டும், வால் பக்கம் போகவே கூடாது. சரிவான இடத்தில் மேட்டுப் பக்கம் சுழலி நிலத்துக்குக் கிட்ட வரும், ஆகவே பள்ளப் பக்கத்தால்தான் போய்வரவேண்டும். இத்தனையையும் காது கேட்காத அந்தச் சத்தத்தில் அங்கே நின்று விளங்கப்படுத்த முடியாது. ஊரிலேயே, நிலத்திலே வைத்துச் சொல்லவேண்டியவை.

முக்திநாத் கோயிலுக்குப் பொக்கராவிலிருந்து ஹெலிகொப்ரரில் கொண்டுபோகிறவர்களுக்கும் இதே வார்த்தை. முக்திநாத் 3,710 மீற்றர், நுவரெலியாவைப் போல் இரண்டு மடங்கு உயரம். அந்த உயரத்தில் இறங்கிய கையோடு 108 தாரைகளின் பனித்தண்ணீரில் தலை நனைக்கச் சொல்கிறோம்.

விபத்துகளைப் பற்றிப் பேசினால் வியாபாரம் கெடும் என்பீர்கள். பயணிக்குத் தெரியவேண்டியது தெரிந்தே ஆகவேண்டும். 2011 செப்ரெம்பர் 25 அன்று எவரெஸ்டைக் காட்டிவிட்டுத் திரும்பிய பீச்கிராஃப்ட் 1900 விமானம் தாழ்ந்த முகிலுக்குள் காத்மண்டுவுக்கு அருகிலுள்ள மேட்டில் மோதி 19 பேரும் இறந்தார்கள். 2023 ஜூலை 11 அன்று எவரெஸ்ட் பக்கமிருந்து சுற்றுலாப் பயணிகளோடு திரும்பிய ஹெலிகொப்ரர் விழுந்து 6 பேரும் இறந்தார்கள். இரண்டும் மழை மாதங்கள். இரண்டாவது விபத்துக்குப் பிறகு நேபாள சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை, மலைக்காட்சி போன்ற அவசியமற்ற ஹெலிகொப்ரர் பறப்புகளை அந்த வருடம் செப்ரெம்பர் வரை கட்டுப்படுத்தியது. 2013 டிசம்பர் முதல் நேபாளத்தின் விமான சேவைகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியலில் இருந்து வந்திருக்கின்றன. ஒவ்வொரு காலையும் பல விமானங்கள் பத்திரமாகப் போய்வருகின்றன என்பதும் உண்மை. இரண்டையும் சொல்லுங்கள். போவதா இல்லையா என்பதைப் பயணியும் அவருடைய குடும்பமும் தீர்மானிக்கட்டும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை.

கைலாய தரிசனம், எவரெஸ்டுக்கு மேலால் என்ற சொற்களை எல்லா நோட்டீசுகளிலிருந்தும் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே அதை நம்பிப் பெயர் கொடுத்தவர்களுக்குத் தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொல்லுங்கள். அதனால் விலகுகிறவரின் முற்பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள்.

மலைக்காட்சியை யாத்திரைக் கட்டணத்திலிருந்து பிரித்து, விரும்புகிறவர் மட்டும் சேரும் தனித் தொகையாக்குங்கள். பறக்காவிட்டால் காசு திரும்பும் என்று, மற்ற எழுத்துகளின் அளவிலேயே எழுதுங்கள். ஊருக்கு வந்து 14 நாளுக்குள் கொடுங்கள், முகவரின் பற்றுச்சீட்டின் பிரதியோடு. கடந்த இரண்டு வருடங்களில் ரத்தான பயணங்களுக்கும் கணக்குக் காட்டுங்கள். பெயர்ப் பட்டியல் உங்களிடமே இருக்கிறது.

ஜூன் முதல் செப்ரெம்பர் வரை போகும் குழுக்களுக்கு "இது மழைக்காலம், மலை தெரிவது அரிது" என்று காசு வாங்கும் முன்பே சொல்லுங்கள். எந்த மாதமானாலும் மலைக்காட்சியை இரண்டாம் காலைக்கு வைத்து, பின்னால் இரண்டு காலையாவது விடுங்கள்.

60 வயதுக்கு மேற்பட்டவர், இதயம், பிரஷர், நீரிழிவு, ஆஸ்துமாவுக்கு மருந்து எடுப்பவர் ஒவ்வொருவரிடமும் கிளினிக் கொப்பியைப் பார்த்து, வைத்தியரின் எழுத்தோடு மட்டும் பெயரை ஏற்றுக்கொள்ளுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் உயர எல்லை எத்தனை மீற்றர், ஹெலிகொப்ரரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவு அடங்குமா என்பதை வாசித்துப் பயணிக்குத் தமிழில் எழுதிக் கொடுங்கள். புறப்படும் முன் ஊரிலேயே ஒரு பின்னேரம் எல்லோரையும் கூட்டி மேலே சொன்னவற்றை விளங்கப்படுத்துங்கள். அதற்கு வேண்டிய தமிழ்ச் சிகரப் பட்டியலை நாங்கள் தயாரித்துத் தருகிறோம், காசு வேண்டாம்.

காலா பத்தரில் இறங்கும் ஹெலிகொப்ரர் பயணத்தை யாத்திரைக் குழுக்களுக்கு விற்பதை இந்த வருடத்தோடு நிறுத்துங்கள். ஏற்கெனவே பெயர் எழுதியவர்களில் 60 வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், அவர்களுடைய பிள்ளைகளை இந்தக் கிழமையே அழைத்துப் பேசுங்கள்.

அடுத்த குழுவுக்கு முற்பணம் வாங்கத் தொடங்கும் முன் திருத்திய நோட்டீசைப் பழையது ஒட்டிய அதே கோயில் வாசல்களில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
யாத்திரைக் குழுக்களோடு போய்வரும் வழித்துணையாளர்கள்,
மட்டக்களப்பு, கல்முனை.